உள்ளூர் கபடியை வெளியூர் போய்ப் பார்த்த கதை

விதிமுறைகளை நான் படிப்பதில்லை. இதை நான் வெளியே சொல்லவே கூடாது. ஏனென்றால் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் போகிற வழியில், ஆன்லைன் விண்ணப்பம் நிரப்பித் தரும் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றை நடத்தித்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். வருகிறவர்களிடமெல்லாம், "கீழ இருக்கறதை நல்லா படிச்சிட்டு டிக் போடுங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்பேன். அவர்கள் பையைத் துழாவி மூக்குக்கண்ணாடியை எடுப்பதற்குள் நானே டிக் போட்டுவிடுவேன். (பின்னால் இன்னும் பத்து பேர் நிற்கிறார்கள், என்ன செய்வது?)

என் மனைவி கவிதாவுக்கு ஒரு தங்கை, சரண்யா. கபடிக்காரி. ரெய்டு போனால் யாரையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். மாநிலம் முழுக்கச் சுற்றி விளையாடிக்கொண்டிருந்தவளைப் பெண்கள் கபடி லீக் ஒன்றில் எடுத்தார்கள். நேரலை ஒரு ஸ்போர்ட்ஸ் ஆப்பில் வரும் என்று சொன்னதும், குடும்பத்தின் ஒரே கம்ப்யூட்டர் மேதையான நான் அன்றைக்கே ஒரு வருஷத்துக்கு சந்தா கட்டினேன். விதிமுறைகள் என்று ஒரு நீளமான பக்கம் வந்தது. என் விரல் அதை ஒரே தள்ளாகத் தள்ளி, அடியில் இருந்த கட்டத்தில் டிக் போட்டது.

கோயம்புத்தூரில் ஆடினாள், மதுரையில் ஆடினாள், எல்லாம் எங்கள் வீட்டு டிவியில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. ஆனால் பார்க்க வேண்டிய ஆள் பார்க்கவில்லை. அவர் என் மாமனார்.

மாமனார் அடி அண்ணாமலையில் விவசாயம் செய்கிறவர். சரண்யா எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறார். கயிற்றை ஒட்டி நின்றிருக்கிறார். ரெய்டு போன மகள் நடுவில் ஒரு நொடி அவர் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அந்த நொடியில் எதிர் டீம் மொத்தமும் மேலே விழுந்து, தோள்பட்டை எலும்பு போய்விட்டது. அன்றோடு சரி. "என் கண்ணு பட்டா ஆவாது. அவ ஆடட்டும், நான் வரல" என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் மகள் மேட்ச் ஆடுகிற நேரமெல்லாம் அவர் மாட்டுக்கொட்டகையில் இருப்பார். கறந்த மாட்டையே மறுபடி கறக்கப் போவார் என்று என் மாமியார் சொல்வார்.

இந்த நிலைமையில்தான் லீக் திருவண்ணாமலைக்கே வந்தது. நடத்துகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தார்களே தவிர, பௌர்ணமியைப் பார்க்கவில்லை. கிரிவலம் நடக்கிற அன்றைக்கே மேட்ச் வைத்துவிட்டார்கள். சரண்யா ஊரில் ஆடுகிறாள், அப்பா கிரவுண்டுக்கு வர மாட்டேன் என்கிறார். அவள் முகம் வாடிப்போய் என்னிடம்தான் வந்தாள்.

"மாமா, நீங்க சொன்னா கேப்பாரு. டிவியிலயாவது பாக்கச் சொல்லுங்க மாமா."

நான் கிளம்பிப் போனேன். கம்ப்யூட்டர் சென்டரில் கற்ற பேச்சுத்திறமை அத்தனையும் இறக்கினேன். "மாமா, கண்ணு படறதெல்லாம் நேர்ல பாத்தாதான். இது ஆப். கேமரா பாக்குது, சேட்டிலைட்டுக்குப் போவுது, கீழ எறங்குது, அதுக்கப்புறம்தான் நீங்க பாக்கறீங்க. உங்க கண்ணு எப்படி அங்க போயி படும்?"

அவர் சேட்டிலைட்டைத் தேடுகிற மாதிரி வானத்தை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "அப்ப சரி" என்றார். கவிதா அன்று என்னைப் பார்த்த பார்வையை நான் கல்யாணத்தின்போதுகூடப் பார்த்ததில்லை.

மேட்ச் அன்று மாமனார் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடவே அவர் பக்கத்து சொந்தக்காரர்கள் பதினோரு பேர். மாமியார் ஒரு தூக்குச் சட்டி நிறைய வேகவைத்த மல்லாட்டை கொண்டு வந்தார். (வேர்க்கடலைதான். எங்கள் ஊரில் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூரா என்பார்கள்.) டிவிக்கு நேர் எதிரே மாமனாருக்கு நாற்காலி. மூன்று மணிக்கு முதல் மேட்ச், நாலு மணி வாக்கில் சரண்யாவின் மேட்ச். ரிமோட்டைக் கையில் எடுத்து, திறப்பு விழாவுக்கு வந்த மந்திரி மாதிரி எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டு பட்டனை அழுத்தினேன்.

கறுப்புத் திரை. நடுவில் வெள்ளை எழுத்து: "போட்டி நடைபெறும் மாவட்டத்தில் இந்த நேரலை வழங்கப்படுவதில்லை."

"இன்னா போட்டிருக்குது?" என்றார் மாமனார்.

"லோடாவுது மாமா" என்றேன்.

ரூட்டரை அணைத்துப் போட்டேன். டிவியை அணைத்துப் போட்டேன். இருக்கும் இடத்தை மாற்றிக் காட்டும் ஒரு ஆப்பை போனில் இறக்கிப் போட்டேன். அது நான் ஐரோப்பாவில் இருப்பதாகச் சொல்ல, ஸ்போர்ட்ஸ் ஆப் என்னை அந்நியனாகப் பார்த்து வெளியே தள்ளிவிட்டது. மறுபடி உள்ளே நுழைந்ததும் அதே கறுப்பு, அதே வெள்ளை எழுத்து. கடைசியில் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன்.

"சார், மேட்ச் நடக்கற மாவட்டத்துல மட்டும் லைவ் வராது சார். உள்ளூர் ஜனங்க டிக்கெட் எடுத்து நேர்ல வரணும்னு அந்த ரூல். நீங்க சேரும்போதே கண்டிஷன்ல இருக்குதே, படிக்கலையா சார்?" என்றது ஒரு பெண் குரல். என் வாடிக்கையாளர்களிடம் நான் பேசுகிற அதே தொனி.

"வருஷம் பூரா எந்த ஊர் மேட்சையோ காட்டனீங்க. சொந்த ஊர் மேட்சைக் காட்ட மாட்டீங்களா?"

"மேட்ச் முடிஞ்ச மறுநாள் பாக்கலாம் சார்."

மறுநாள்! மாமனார் மனசு மாறி வந்து உட்கார்ந்திருப்பது இன்றைக்கு. அப்போதுதான் என் மேதாவி மூளை ஒரு கேள்வி கேட்டது. "அப்ப விழுப்புரம் மாவட்டத்துல வருமா?"

"தாராளமா வரும் சார்."

வெளியே வந்து, "எல்லாரும் கெளம்புங்க, செஞ்சி ரோட்டுல ஒரு இருபத்தஞ்சு கிலோமீட்டர் போனா விழுப்புரம் மாவட்டம். அங்க போன்ல பாத்துக்கலாம்" என்றேன்.

கவிதா என்னையே பார்த்தாள். "ஏங்க, கிரவுண்டு இங்கருந்து ஷேர் ஆட்டோ தூரம்."

"அப்பா கிரவுண்டுக்கு வர மாட்டாரு இல்ல?"

அவள் போய்க் கார் சாவியை எடுத்து வந்தாள். என் பழைய காரில் நாலு பேருக்குத்தான் இடம். மாமனார், மாமியார், கவிதா, நான். மீதிப் பதினோரு பேர் வாசலில் நின்று எங்களை வழியனுப்பினார்கள். ஏதோ வெளிநாடு போகிறவர்களை அனுப்புகிற மாதிரி கையைக் கூட ஆட்டினார்கள்.

பௌர்ணமியன்று ஊருக்குள் வருகிற கூட்டம் தெரியும். பஸ், வேன், நடந்து வருகிறவர்கள் என்று உலகமே அண்ணாமலையாரைப் பார்க்க உள்ளே வருகிறது. நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் போகிறோம். செஞ்சி ரோட்டில் தடுப்பு வைத்திருந்த போலீஸ்காரர் காரை நிறுத்தினார்.

"இன்னிக்குப் போயி ஊரை வுட்டு எங்க போறீங்க?"

"கபடி மேட்ச் பாக்க சார்."

"கபடி ஊருக்குள்ள இல்ல நடக்குது?"

"ஆமா சார்."

அவர் காருக்குள் குனிந்து, வெள்ளை வேட்டியையும் தூக்குச் சட்டியையும் பார்த்தார். மாமியார் அவர் கையில் ஒரு பிடி மல்லாட்டையை வைத்தார். "இப்ப வெளிய போனா திரும்பி வண்டியோட உள்ள வுட மாட்டோம், பாத்துக்கங்க" என்று சொல்லி, தலையை ஆட்டிக்கொண்டே தடுப்பை நகர்த்தினார்.

கீழ்பென்னாத்தூர் தாண்டுவதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. பின்சீட்டில் கவிதா என் போனைப் பிடித்தபடி, "இன்னும் கறுப்பு... இன்னும் கறுப்பு..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விழுப்புரம் மாவட்டம் நம்மை வரவேற்கும் பலகை வந்தது. அதைத் தாண்டி நூறு அடி போனதும், "வந்துடுச்சு!" என்று கத்தினாள். நான் பிரேக் போட்ட வேகத்தில் பாதி மல்லாட்டை காருக்குள் கொட்டியது.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, காரின் பானெட் மேல் போனைச் சாய்த்து வைத்தோம். இரண்டாம் பாதி ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கோட்டைத் தாண்டி சரண்யா போகிறாள். மாமனார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். உள்ளங்கை அகலத்துக்கு மகள். அவள் குனிந்து, வளைந்து, ஒரு காலை நீட்டி ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு, பிடிக்க வந்தவர்கள் கைக்கு அடியில் நழுவித் திரும்பினாள். மாமனார் நிமிர்ந்தார். "இவளா? நம்ம சின்னவளா இது?" என்று மாமியாரிடம் கேட்டார். பிறகு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்று நினைத்தேன். வெயில் இல்லை.

அந்த நிமிஷம் நான் பெருமையின் உச்சியில் இருந்தேன். ஒரு மாவட்டத்தையே தாண்டி ஒரு தகப்பனுக்கு மகளைக் காட்டியவன் நான்.

ரெண்டு டீமும் சமம். கடைசி ஒரு ரெய்டு. மாமனார் மூக்கு போனைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டார். அப்போது திரையில் கபடி மறைந்து ஒரு போன் நம்பர் வந்தது. என் கடை போர்டில், 'எந்நேரமும் அழைக்கலாம்' என்று என் நம்பரைப் பெரிதாக எழுதி வைத்தது நான்தான்.

பதற்றத்தில் துண்டிப்பதற்குப் பதில் எடுத்துவிட்டேன். "சார், பையனோட வருமான சர்டிபிகேட் வந்துச்சா சார்?"

"ஐயா, அப்புறம் பேசறேன்!"

வைத்தேன். அவர் மறுபடி கூப்பிட்டார். "லைன் கட்டாயிடுச்சு சார். வந்துச்சா?"

மறுபடி வைத்துவிட்டு ஆப்பைத் திறந்தால் ஒரு சோப்பு விளம்பரம். அது முடிந்ததும் அடுத்த விளம்பரம். கவிதா தன் போனில் திறக்கலாம் என்றால் பாஸ்வேர்டு கேட்டது. (ஊருக்கெல்லாம் பாஸ்வேர்டு எழுதி வைத்துக் கொடுக்கிறவனுக்குத் தன்னுடையது மறந்துபோயிருந்தது.) விளம்பரம் ஒழிந்து திரை வந்தபோது எழுதியிருந்தது: "நேரலை முடிவடைந்தது."

மாமனார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஜெயிச்சுச்சா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நிமிஷத்தில் சரண்யாவே கூப்பிட்டாள். பின்னால் ஒரே விசில் சத்தம். "மாமா! ஜெயிச்சிட்டோம்! அப்பா பாத்தாரா? அப்பாகிட்ட குடுங்க!"

போனை வாங்கியவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். மருமகனைக் காப்பாற்றுவதா, மகளிடம் உண்மை சொல்வதா என்று யோசித்திருப்பார். "பாத்தேம்மா" என்றார். "கடைசி வரைக்கும் பாத்தேன். கடைசில போன பாரு ஒரு ரெய்டு... நாலு பேரு புடிச்சி இழுக்கறாளுங்க, நீ அவளுங்களையும் சேத்து இழுத்துக்கினு வந்து கோட்டைத் தொட்ட பாரு... சிங்கம்மா நீ!"

அந்தப் பக்கம் அவள் விசில் சத்தத்திலிருந்து தள்ளி வந்தது கேட்டது. பிறகு மெதுவாக, "அப்பா, கடைசி ரெய்டு நான் போவல. நான் அவுட்டாயி வெளிய உக்காந்துனு இருந்தேன்."

மாமனார் போனை என் கையில் திணித்துவிட்டு, மரத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"மாமா," என்றாள் சரண்யா, "நீங்கல்லாம் எங்க இருக்கீங்க?"

"விழுப்புரம் மாவட்டத்துல."

"பெரியப்பா, சித்தி, மத்த எல்லாரும் இங்க முன்வரிசையில உக்காந்து விசிலடிச்சிக்கினு இருக்காங்களே மாமா!"

நாங்கள் கண் மறைந்ததும் அந்தப் பதினோரு பேரும் ரெண்டு ஷேர் ஆட்டோ பிடித்து, டிக்கெட் எடுத்து, முழு மேட்சையும் பார்த்திருக்கிறார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது அதே போலீஸ்காரர், சொன்னபடியே காரை உள்ளே விடவில்லை. வயல் ஓரமாக நிறுத்திவிட்டு, பக்தர் கூட்டத்தோடு நாங்களும் நடந்தோம். பாதி வழியில் எதிரே ஜெர்ஸியோடு, கழுத்தில் மெடலோடு சரண்யா எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, "பொய் சொல்லிட்டேம்மா. நீ ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்தது மட்டும்தான் பாத்தேன்" என்றார். "நேர்ல வரலாம்னுதான் ஆசை. அன்னிக்கு என்னைத் திரும்பிப் பாத்துத்தானே உனக்குத் தோளு போச்சு."

"உன்னை யாருப்பா பாத்தது?" என்றாள் அவள். "உன் பின்னால ஐஸ் வண்டி நின்னுச்சு. அதைப் பாத்தேன். சொன்னா நீ திட்டுவேன்னுதான் இத்தினி வருஷமா சொல்லல."

நடுரோட்டில், கிரிவலக் கூட்டம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிப் போக, அவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார். குட்டிய கையாலேயே மெடலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதற்கப்புறம் அவர் ஒரு மேட்சும் விடுவதில்லை. எந்த ஊராக இருந்தாலும் நேரில் போகிறார், முன்வரிசையில் உட்கார்ந்து நடுவரோடு சண்டை போடுகிறார். நான் மட்டும்தான் மீளவில்லை. சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும், "மாப்ள, நம்ம மாவட்டத்துல தெரியுமா, இல்ல வண்டிய எடுக்கணுமா?" என்று பதினோரு பேரில் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். டீக்கடையில் கூடக் கேட்கிறார்கள்.

போன மாதம் சரண்யாவுக்குக் கல்யாணம். எங்களுக்கான பத்திரிகையை அவளே கொண்டு வந்து கொடுத்தாள். அடியில், வர முடியாதவர்கள் நேரலையில் பார்ப்பதற்கான க்யூஆர் கோடு அச்சாகியிருந்தது. அதன் கீழே அவள் கையெழுத்தில், பேனாவால் ஒரு வரி: "மாமா கவனத்துக்கு: இந்த நேரலை திருவண்ணாமலை மாவட்டத்தில் தெரியாது. மரியாதையாக மண்டபத்துக்கு வந்து சேரவும்."

என் வாழ்க்கையில் நான் கடைசி வரி வரை படித்த ஒரே விதிமுறை அதுதான். முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.