நாலாம் நம்பருக்காக ஒரு சண்டை

லண்டனில் "அங்கே தமிழ் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள்" என்று நம்பி எந்த இடத்துக்கும் போகக் கூடாது. பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்குப் போனாலும் முன்வரிசையில் ஒரு அங்கிள் இருப்பார். இருப்பதோடு விடாமல், "நீர் ஆற்றை மகன்?" என்று தகப்பன் பேரையும் விசாரிப்பார். இந்த உண்மை எனக்கு முப்பத்தோராவது வயதில், எலும்பு நடுங்கும் குளிரில், ஐஸ் ஹொக்கி பார்க்கப் போன இடத்தில் விளங்கியது. ஒரு மணித்தியாலம் முந்தி விளங்கியிருந்தால் இவ்வளவு மானம் போயிருக்காது.

நான் போனது ஹொக்கி பார்க்க அல்ல, பெண் பார்க்க. எங்கள் ஆட்களின் வழக்கப்படி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் எடுத்த எடுப்பிலேயே வீட்டில் சந்திக்க வைப்பதில்லை. பிறகு சரிவராமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் தலைகுனிவு. அதனால் முதலில் ஒரு பொது இடத்தில் "தற்செயலாக" கண்டுகொள்ள வேண்டும். கண்டாலும் அதற்காகத்தான் வந்தோம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. பிடிக்காவிட்டால் அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்று எல்லோரும் அடித்துச் சத்தியம் செய்யலாம். வழமையாக இதற்குக் கோயில்தான் இடம். ஆனால் இந்தப் பெண்ணின் தகப்பன் பல வருடம் டொரொன்டோவில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அங்கே பிடித்த ஹொக்கிப் பைத்தியம் இங்கேயும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைத் தென் லண்டனில் ஒரு பனித்தளத்தில்தான் காணலாம் என்று சம்பந்தம் பேசிய பவானி மாமி சொன்னார்.

பவானி மாமி அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. ரெய்னர்ஸ் லேனில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். தரவேண்டிய கட்டளைகளைச் சமையலறையில் வைத்துத் தந்தார்.

"தகப்பன் நீலத் தொப்பி போட்டிருப்பார். பக்கத்தில மகள் தர்ஷினி இருப்பா. நீ தற்செயலாப் போய்ப் பக்கத்தில இருந்து கதை. பேர் கேக்காதை, உன்ர பேரும் சொல்லாதை. அந்தாள் உதுகளில சரியான கண்டிப்பு."

"வேற தமிழ் ஆக்களும் இருந்தா என்ன செய்யிறது மாமி?"

"ஐஸுக்குள்ள வந்து விறைக்க எந்தத் தமிழனுக்கடா விசர்?"

தர்ஷினியின் படம் ஒன்றும் தந்தார். யாருடையதோ கலியாண வீட்டில், கையில் வடைத் தட்டோடு, பக்கத்தில் யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. (போதும் என்றால், வேலைக் கூட்டங்களுக்கு நடுவிலும் ஃபோனை மேசைக்குக் கீழே பிடித்துப் பார்க்கிற அளவுக்குப் போதும்.) அதற்கு முன் எனக்குப் பேசிய இடமெல்லாம் ஏதோ ஒன்றில் குழம்பியிருந்தது. அப்போதெல்லாம் கவலைப்படாத மனம், இது குழம்பிவிடக் கூடாது என்று இருப்புக்கொள்ளாமல் கிடந்து அடித்துக்கொண்டது.

ஒரு கிழமை முழுக்க, ஏழு நாளும், அந்த அணியின் ரசிகர்கள் இணையத்தில் எழுதுவதை வாசித்தேன். அவர்கள் சண்டை பிடித்ததெல்லாம் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான். நாலாம் நம்பர் போட்ட ஒரு இளம் பெடியன். பின்னுக்கு நின்று கோலைக் காக்க வேண்டியது அவன் வேலை. ஆனால் பக் (பந்து என்று சொல்லிவிடாதீர்கள், அடிக்க வருவார்கள், அது கறுப்பு ரப்பர் வில்லை) அவன் மட்டையில் பட்டால் போதும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முன்னுக்கு ஏறிவிடுவான். சில நேரம் கோல் போடுவான். சில நேரம் அவன் விட்டுப்போன வெறும் இடத்தால் எதிரணி வந்து இவர்களுடைய கோலுக்குள் போட்டுவிடும். பாதி ரசிகர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். மற்றப் பாதி அவனை ஆட விடாமல் பிடித்து வாங்கில் இருத்தச் சொன்னார்கள்.

வாசித்து முடித்தபோது இரண்டாவது பாதியின் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் பட்டது. காவலுக்கு விட்டவன் காவலுக்கு நிற்க வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் என் அபிப்பிராயத்தை வைத்துக் கலியாணம் கட்ட முடியுமா? மாமனார் எந்தப் பக்கமோ நானும் அந்தப் பக்கம் என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த மிகத் தெளிவான முடிவு அது.

ஞாயிறு பின்னேரம் இரண்டு ரயிலும் ஒரு டிராமும் மாறிப் போனேன். குரோய்டனில் அந்த உயரமான அரசாங்கக் கட்டடத்தைத் தாண்டும்போது, அகதி விசாரணைக்கு அப்பா அங்கே போன கதை ஞாபகம் வந்தது. அப்பா அன்று என்ன முகத்தோடு போனாரோ, அதே முகத்தோடுதான் நானும் போய்க்கொண்டிருந்திருப்பேன். தலையை வாரினேன், குலைத்தேன், திரும்ப வாரினேன். எதிரில் இருந்த வெள்ளைக்கார அம்மா எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

பனித்தளத்துக்குள் போனதும் முதல் இடி. அணியின் நிறமே நீலம். இருந்தவர்களில் தொப்பி போட்ட எல்லோரும் நீலத் தொப்பி. வரிசை வரிசையாகத் தேடிக்கொண்டு போனேன். கடைசியில் ஒரு நீலத் தொப்பிக்குக் கீழே நம்முடைய மீசை ஒன்று தெரிந்தது. மடியில் மிக்சர்ப் பை. பக்கத்தில் ஒரு இளம் பெண், தொப்பியும் ஸ்காஃபும் போக மிச்சம் மூக்கு மட்டும். சந்தேகமே இல்லை.

"தற்செயலாத்தான் வந்தனான்," என்றேன், உட்கார முன்னமே. (யாரும் கேட்கவில்லை.)

"அதுக்கென்ன தம்பி, இரும்," என்று மிக்சர்ப் பையை நீட்டினார்.

ஆட்டம் தொடங்கியது. என் வலது கால் தானாக ஆடத் தொடங்கியது. மெல்லக் கேட்டேன்: "நாலாம் நம்பரைப் பற்றி என்ன நினைக்கிறீங்கள் அங்கிள்?"

"பெடியன் சிங்கம். ஏறவேணும் தம்பி, ஏறவேணும். பின்னுக்கு நிண்டு ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்தவே வந்தவன்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்."

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், நல்ல யாழ்ப்பாணத் தமிழில் வந்தது: "ஏறி ஏறித்தான் போன கிழமையும் தோத்தவங்கள்."

திரும்பிப் பார்த்தேன். அங்கேயும் ஒரு அங்கிள், அங்கேயும் நீலத் தொப்பி, பக்கத்தில் ஸ்காஃபுக்குள் புதைந்த இன்னொரு பெண். அந்த இடத்தில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாமனாருக்கு முன்னால் கெட்டித்தனத்தைக் காட்ட நல்ல வாய்ப்பு என்ற சந்தோஷம்தான் வந்தது.

"ஒருத்தன் பின்னுக்கு நிக்கவேணும் தம்பி," என்றார் பின்வரிசைக்காரர், நிதானமாக. "வீட்டைத் திறந்து போட்டிட்டு எல்லாரும் தேர் பாக்கப் போகேலுமே?"

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒரு கிழமையாக நினைத்ததும் அதுதான். ஆனாலும் சொன்னேன்: "வாசலிலையே எல்லாரும் நிண்டா அங்கிள், உள்ளுக்கு ஆர் சமைக்கிறது?"

(இதன் பொருள் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.) மிக்சர் அங்கிள் என் முழங்காலில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சம்பந்தம் முற்றாகிவிட்டது என்றே நினைத்தேன். அந்தத் துணிவில் அடுத்த ஒரு மணித்தியாலமும் பின்வரிசைக்காரரை விடவில்லை. அவர் ஒன்று சொன்னால் நான் இரண்டு சொன்னேன். மூன்று கட்ட ஆட்டத்தின் இரண்டாவது கட்டத்தில் நாலாம் நம்பர் தனியனாக ஏறிப் போய் ஒரு கோலும் போட்டுவிட, எழுந்து நின்று, முழுதாகத் திரும்பி, விரலையும் நீட்டினேன்.

"பாத்தீங்களோ? உங்களிட்ட விட்டா உந்தப் பெடியனையும் கட்டித்தான் வைப்பீங்கள். உங்கட வீட்டில பொம்பிளை எடுக்கிறவன் பாவம்."

அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். பக்கத்திலிருந்த பெண்ணின் ஸ்காஃப் குலுங்கியது. இருமுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

இடைவேளையில் ஒரு உயர்ந்த பெடியன் மூன்று சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து, மிக்சர் அங்கிளின் மகளுக்குப் பக்கத்தில் நெருங்கி இருந்தான். "மாமா, வினாகிரி கூடிப்போச்சு," என்றான்.

"இவர்தான் மருமகன்," என்றார் அங்கிள் என்னிடம். "ஹவுன்ஸ்லோவில எங்களோடதான் இருக்கினம். இப்பதான் கலியாணம் முடிஞ்சது."

என் கால் ஆடுவதை நிறுத்தியது. "உங்களுக்கு இன்னொரு மகளும் இருக்கிறாவோ அங்கிள்?"

"இல்லைத் தம்பி. ஒண்டே ஒண்டு."

கழுத்து திரும்ப மறுத்தது. மெல்ல மெல்லத் திருப்பினேன். பின்வரிசைப் பெண் தேநீர் குடிப்பதற்காக ஸ்காஃபை இறக்கியிருந்தார். தகப்பன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். பாதி முகம். ஃபோனில் நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த அதே பாதி.

ஓடிவிடலாம் என்று எழும்பினேன். மிக்சர் தந்த ஹவுன்ஸ்லோ அங்கிள் தோளில் கையைப் போட்டு இருத்திவிட்டார். மூன்றாவது கட்டம் முழுக்க நான் பக்கையும் பார்க்கவில்லை, ஆட்டக்காரரையும் பார்க்கவில்லை. கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தேன். வெட்கம் ஒரு பக்கம். அதைவிட, அந்தச் சிரிப்பு இனி எனக்கு இல்லை என்ற துக்கம்தான் பெரிது.

இரண்டு அணியும் சமமாக நின்றபோது, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கும்போது, நாலாம் நம்பர் திரும்பவும் ஏறினான். நடுவில் பக்கைப் பறிகொடுத்தான். எதிரணிக்காரன் ஆளில்லாத பக்கத்தால் அவசரமே இல்லாமல் ஆறுதலாக வந்து கோலைப் போட்டான். தோல்வி. எங்கள் பக்கம் முழுக்கத் தலையில் கை. பின்னாலிருந்து என் காதுக்குக் கிட்ட ஒரு குரல்:

"இப்ப என்ன சொல்லுறீர் தம்பி?"

தப்ப ஒரு வழி திறந்திருந்தது. "நீங்கள் சொன்னதுதான் சரி அங்கிள்" என்றால் போதும். அது உண்மையும்கூட. வாயைத் திறந்தேன். ஆனால் ஹவுன்ஸ்லோ அங்கிள் முந்திக்கொண்டார்: "இவன் மாறமாட்டான். அசல் பெடியன்." தர்ஷினியும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் சரணடைய வாய் வரவில்லை.

"அடுத்தமுறையும் ஏறத்தான் வேணும்," என்றேன்.

தகப்பன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். தர்ஷினியும் போனார்.

அடுத்த நாள் அலுவலகத்தில் இருந்தபோது பவானி மாமி ஃபோன் எடுத்தார். படிக்கட்டுக்கு ஓடினேன்.

"அங்க போய் என்னடா செய்தனி? உன்னைக் கண்ட உடன அவைக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுதாம். நான்தானே உன்ர பாஸ்போட் படத்தைக் குடுத்தனான். தகப்பன் கையும் காட்டினவராம். நீ பாக்காமல் வேற ஆற்றையோ குடும்பத்துக்க போய் இருந்திட்டியாம்."

அப்படியென்றால் நான் விரலை நீட்டி அந்த வசனத்தைச் சொன்னபோது, அதைச் சொல்வது மாப்பிள்ளைதான் என்று தகப்பனுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். தற்செயல் என்ற சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருவரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் முடிஞ்சுதோ மாமி?"

"ஓம் எண்டிட்டார்."

"ஆர்?"

"தகப்பன்தான்ரா. முந்திப் பாத்த பெடியள் எல்லாம் எதுக்கெடுத்தாலும் 'ஓம் அங்கிள், ஓம் அங்கிள்' எண்டவங்களாம். நீ ஒருத்தன்தான் மூஞ்சைக்கு நேர சொன்னனியாம். தோத்த பிறகும் விடேல்லையாம். பிடிச்சதை விடாதவன், என்ர பிள்ளையையும் விடமாட்டான் எண்டுறார்."

நானும் "ஓம் அங்கிள்" ஆள்தான். என்ன, அதை வேறு அங்கிளுக்குச் சொல்லிவிட்டேன்.

தர்ஷினியை முதன்முதலில் முறையாகச் சந்தித்தது ஹாரோவில் ஒரு தேநீர்க் கடையில். வந்து இருந்த உடனேயே கேட்டார்: "உண்மையா நாலாம் நம்பர் ஏறவேணும் எண்டுதானோ நினைக்கிறீங்கள்?" நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்குச் சிரித்தார்.

"அப்பாட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ," என்றார் கடைசியில். "அவருக்கு உங்களைச் சரியாப் பிடிச்சுப்போச்சு."

"உமக்கு?"

"என்னட்டை ஒரு தேத்தண்ணி முடியமுன்னம் உண்மையைச் சொல்லிட்டீங்கள். அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

கலியாணத்துக்கு ஹவுன்ஸ்லோ அங்கிளையும் அழைத்தோம். மாமனார் அவரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினார். அன்றிலிருந்து மாமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பாவம் வந்திட்டுதோ?" "பாவத்துக்குச் சோறு போடு பிள்ளை." புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் என்னைக் காட்டி, "எங்கட வீட்டில பொம்பிளை எடுத்த பாவம் இதுதான்," என்று அறிமுகப்படுத்துவார். என் மகள் பாலர் பள்ளியில் அப்பாவின் பெயர் பாவம் என்றே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஹொக்கியும் விடவில்லை. பருவத்துக்குப் பருவம் பின்னுக்கு நிற்கத் தெரியாத ஒரு புதுப் பெடியன் எங்கிருந்தாவது வந்து சேருவான். ஞாயிறு ஞாயிறாக மாமாவுக்குப் பக்கத்தில் இருந்து, துளியும் நம்பாத ஒரு கொள்கைக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன். மாறிவிடவும் முடியாது. ஹொக்கியில் மாறியவன் வேறு எதில் மாறுவானோ என்று மனிதர் யோசிக்கத் தொடங்கினால் என்ன செய்வது?

போன மாதம் ஒரு ஞாயிறு. இந்த வருடத்துப் பெடியன் வழக்கம்போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏறினான். நான் சண்டைக்குத் தயாராகத் திரும்பினேன். மாமா கையைக் கோட்டுக்குள் விட்டபடி பேசாமல் இருந்தார். அண்மைக்காலமாக ஆள் கொஞ்சம் ஒடுங்கித்தான் போயிருந்தார்.

"ஏறட்டும் தம்பி," என்றார். "நீர் இவ்வளவு காலமும் சொன்னது சரிதான் போல."

இத்தனை வருடத்தில் அவர் தோற்றதை நான் கண்டதில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"என்ன மாமா விசர்க்கதை கதைக்கிறீங்கள்?" என்றேன். "ஒருத்தன் பின்னுக்கு நிக்கவேணும். அவனைப் பிடிச்சு வாங்கில இருத்தச் சொல்லுங்கோ."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். கோட்டுக்குள்ளிருந்து கைகள் வெளியே வந்தன. முகத்தில் இரத்தம் ஏறியது. அங்கே தொடங்கிய சண்டை ஆட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடம் தாண்டி, மாமாவின் வீடு வரை ஓயவில்லை. தன் வீட்டு வாசலில் இறங்கும்போதும், "நாளைக்கு ஃபோன் எடுப்பன், இது முடியேல்லை," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இப்ப நீங்கள் உண்மையா எந்தப் பக்கம்?" என்று கார் ஓட்டிக்கொண்டிருந்த தர்ஷினி கேட்டார்.

"உம்மட அப்பாவுக்கு எதிர்ப்பக்கம்," என்றேன்.