கருப்பர் உத்தரவும் ஈரக் குச்சியும்

அன்புள்ள மாமாவுக்கு அன்புமொழி வணங்கி எழுதுவது.

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள் மாமா. கருப்பர் மேல் சத்தியமாகக் கேட்கிறேன் என்று எழுத வந்தேன், ஆனால் இப்போது கருப்பர் பெயரை நான் இழுக்கக் கூடாத நிலையில் இருக்கிறேன். முக்கியமாக, மஸ்கட்டில் உங்கள் அறையில் தங்கியிருக்கும் திருமயத்து அண்ணனிடம் காட்டாதீர்கள். அவர் நம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். நீங்கள் தும்மினால்கூட மறுநாள் இங்கே டீக்கடையில் தெரிந்துவிடுகிறது. அம்மாவின் போன் அம்மா தலையணைக்கு அடியில் இருப்பதால் தாளில் எழுதுகிறேன். விடிந்ததும் படம் பிடித்து அனுப்புவேன். படித்தவுடன் அழித்துவிட்டு, உடனே அப்பாவைக் கூப்பிடுங்கள்.

நடுவில் யாராவது எழுந்து வந்துவிட்டால் முறைப்படி முடிக்க நேரம் இருக்காது. அதனால் கடைசியில் எழுத வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். இங்கு எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. ஆடு ஈன்றுவிட்டது, இரண்டு குட்டி. அங்கே வெயிலில் நிற்காதீர்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். அப்பாவும் அம்மாவும் கேட்டதாகச் சொன்னார்கள் என்று எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே நான் மட்டும் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, உங்கள் மருமகள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன விடுமுறையில் நீங்கள் நம் மிளகாய்த் தோட்டத்தில் ஒரு கம்பம் நட்டு, அதன் தலையில் சூரியத் தகடு வைத்து, மண்ணுக்குள் ஈரம் பார்க்கும் குச்சியைக் குத்திவிட்டுப் போனீர்களே, அன்று முதல் இந்த வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. "வேர்ப்பக்கம் ஈரம் இருக்கா இல்லையான்னு அது போனுக்குச் சொல்லும் மச்சான், சொன்னா மட்டும் சொட்டுநீரைத் திறங்க" என்று நீங்கள் சொன்னபோது அப்பா தலையாட்டினார். நீங்கள் விமானம் ஏறும்வரைதான் அந்தத் தலையாட்டல். மறுநாளே அம்மா கம்பத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கண்பட்டுவிடும் என்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார். வெள்ளிக்கிழமை பெரிய மாலை ஒன்றைத் தகட்டின் மேலேயே போட்டார். வெயில் படாமல் இயந்திரம் செத்துப்போனது. "ஒந்தம்பி வாங்கிக் குடுத்ததுல்ல, ஒரு வாரம் தாங்கிருச்சே, பெருசுதான்" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். வரப்பில் ஏறி நின்று ஆடு மாலையைத் தின்ற அன்று மத்தியானம் இயந்திரம் திரும்பவும் பிழைத்துக்கொண்டது. அம்மாவின் போனில் சிவப்பு வட்டம் வந்தது. சிவப்பு என்றால் தண்ணீர் வேண்டாம், பச்சை என்றால் திறக்கலாம். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா தோட்டத்துக்கு வந்து காலால் மண்ணைக் கிளறிப் பார்த்தார். நம் செம்மண்தான் உங்களுக்குத் தெரியுமே, மேலே பார்த்தால் வறுத்த கடலைத் தோல் மாதிரி காய்ந்து கிடக்கும். "இதுல ஈரம் இருக்குன்னு சொல்லுதா ஒம்போனு? செடி நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்குது, கண்ணு தெரியல?" என்று சொல்லி மோட்டாரைப் போட்டார். சொட்டுச் சொட்டாக விழுவது அவருக்குத் தண்ணீராகவே படவில்லை. வாய்க்காலில் சலசலவென்று ஓடினால்தான் பாய்ச்சிய மாதிரி இருக்கும் என்று மடையையே திறந்துவிட்டார். அந்தக் குச்சியும் பாவம் காய்ந்து நிற்கிறது என்று அதன் தலையில் அம்மா ஒரு குடம் ஊற்றினார். பத்து நாளில் ஒரு பாத்தி முழுக்க வேர் அழுகிச் சாய்ந்தது.

இதற்குப் பிறகாவது போனைக் கேட்டிருப்பார் மாமா. கேட்க முடியாதபடி தானே ஒரு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டார். குடுமியான்மலை ரோட்டு டீக்கடையில், பக்கத்துத் தோட்டத்து ராக்கன் பெரியப்பா எல்லோர் முன்னாலும், "என்ன ஆத்மநாதா, ரிமோட்டு மச்சினன் கையிலயாமே? மஸ்கட்டுல அவன் பட்டனை அமுக்குனாத்தான் இங்கிட்டு நீ வேட்டியை மடிச்சுக் கட்டுறியாமே?" என்று கேட்டிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. அப்பா டீ டம்ளரை வைத்துவிட்டு, "செல்போனு சொல்லி நான் தண்ணி கட்டுனேன்னு எவனாச்சும் பாத்தா, அன்னைக்கே இந்த மீசையை எடுத்துட்டுத்தான் மறுவேலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அப்பாவின் மீசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் கல்யாணப் படத்தில் அம்மாவைவிட அதுதான் பெரிதாகத் தெரியும்.

போனைக் கேட்டால் மீசை போகும், கேட்காவிட்டால் மிளகாய் போகும். இரண்டு நாள் யோசித்த அப்பா, "கருப்பர்கிட்டயே பூக் கட்டிக் கேட்டுருவோம்" என்றார். தோட்டத்து மூலையில் பாலை மரத்தடியில் நிற்கிறாரே, நம் கருப்பர், அவரிடம்தான். வெள்ளைப் பூ வந்தால் தண்ணீர் திறக்கலாம், செவ்வரளி வந்தால் கூடாது. அப்பா இரண்டு பூவரச இலையில் இரண்டு பூவையும் தனித்தனியாகப் பொதிந்து வாழைநாரால் கட்டி, துண்டில் போட்டுக் குலுக்கி, கருப்பர் காலடியில் வைப்பார். வீட்டில் சின்னது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டியது நான். இலை பறித்து வருவதும் நான்.

மாமா, இங்கேதான் என் பாவம் தொடங்குகிறது. முதல் நாள் போனில் சிவப்பு, நான் எடுத்தது வெள்ளை. அப்பா திறந்துவிட்டார், இன்னும் சில செடிகள் சாய்ந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது, அப்பா மேலே இருந்த இலையை எடுத்து முதலில் வெள்ளைப் பூவைத்தான் கட்டினார். மறுநாள் ஓர் இலையை நீளக் காம்போடும் இன்னொன்றைக் காம்பில்லாமலும் பறித்து, நீளக் காம்பை மேலே வைத்துக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் காம்பு விரலில் தட்டும். தட்டினால் வெள்ளை, தட்டாவிட்டால் சிவப்பு. விடியற்காலையில் போனைப் பார்த்துவிட்டு வருவேன், போன் சொன்னதையே கருப்பரும் சொல்வார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார். மிளகாய் தழைத்துவிட்டது மாமா. மோட்டார் ஓடுவது பாதியாகக் குறைந்தது. இப்போது தோட்டத்தில் நின்றால் பச்சையும் சிவப்புமாகக் காய் தொங்குவதைப் பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கிறது. தினமும் வடக்குப் பாத்தியில் போய் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "ஆத்மநாதன் மகளுக்குக் கருப்பர் கை குடுத்துருக்காரு" என்று பேச்சுக் கிளம்பியது. செவந்தி அத்தை தேங்காய் பழத்தோடு வந்து, "எங் கத்தரிக்கும் ஒருவாட்டி எடுத்துக் குடு ஆத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தோட்டத்தில் குச்சி கிடையாது, நான் எதைப் பார்த்து எடுப்பேன்? "நாளைக்கு எடுக்குறேன் அத்தை, இன்னைக்குத் தலைக்குக் குளிக்கல" என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் விடியுமுன் நம் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய் அவர் கத்தரிக்குள் குத்தி, போனைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அவசரத்தில் குச்சியைத் திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டேன். இரண்டு நாள் நம் மிளகாய், அத்தையின் கத்தரிக்காய்க்கு எப்போது தாகமோ அப்போது தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் அத்தை அந்தக் குச்சியைப் பார்த்துவிட்டார். நல்லவேளை, அது கருப்பர் அனுப்பிய சூலம் என்று நினைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

இன்று சாயங்காலம்தான் இடி விழுந்தது. ராக்கன் பெரியப்பா நம் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார். "ஏப்பா, எல்லாத்தையும் கருப்பருதான் சொல்றாரு. அப்பறம் அந்தக் கம்பம் எதுக்கு? காக்கா ஒக்காரவா?" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்சநேரம் மீசையைத் தடவிவிட்டு, "அதுவும் சரிதான். நாளைக்குக் காலைல ஊரைக் கூட்டிக் கருப்பர்கிட்டயே கேட்டுருவோம். புடுங்கலாம்னு சொன்னா புடுங்கி மச்சான் வீட்டுத் திண்ணையில போட்டுருறேன்" என்றார். "நானே பூக் கட்டுறேன்" என்றார் பெரியப்பா. அப்பா சரி என்றுவிட்டார்.

வெள்ளை வந்தால் பிடுங்கிவிடுவார்கள் மாமா. பிடுங்கிவிட்டால் அடுத்த நாள் எதைப் பார்த்து நான் பூ எடுப்பது? நம் மிளகாயும் போகும், செவந்தி அத்தை கத்தரியும் போகும், ஊரே என்னைத் திட்டும். சிவப்பு எடுக்கலாம் என்றால், பெரியப்பா எந்த இலையில் எதைக் கட்டுவார் என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு பயமும் இருக்கிறது. இதுவரை நான் கருப்பரை ஏமாற்றவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மண்ணில் ஈரம் இருப்பது உண்மை, உண்மையைத்தான் கருப்பரும் சொல்வார், நான் கொஞ்சம் கையைக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பத்தைப் பற்றிக் கருப்பர் என்ன நினைக்கிறார் என்று போனில் வராது. நாளைக்கு நான் எடுப்பது என் ஆசை மட்டும்தான். கையில் அரிவாளோடு நிற்கிற சாமி மாமா அவர். கோபம் வந்தால் பள்ளிக்கூடச் சீருடை போட்டிருக்கிறேனா என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

அதனால் நீங்கள் விடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, கம்பத்தைப் பிடுங்கினால் கம்பெனிக்காரர்கள் வந்துவிடுவார்கள், அல்லது ஷாக் அடிக்கும், அல்லது வேறு ஏதாவது நீங்களே யோசித்து, அப்பா நம்புகிற மாதிரி, ஆனால் நான்தான் சொன்னேன் என்று தெரியாத மாதிரி, முக்கியமாக அந்த இலைக் காம்பு விஷயத்தை

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் காரியம் கெட்டுவிடும்.

தட்டியது அப்பாதான். கையில் இரண்டு பூவரச இலை. ஒன்றில் நீளக் காம்பு இருந்தது, ஒன்றில் இல்லை.

"இந்தா, இதைக் காலைல பெரியப்பாகிட்ட குடு. நீளக் காம்பு மேல இருக்கட்டும்" என்றார். "ஒங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டேன்.

"ரெண்டாவது நாளே தெரியும். இல்லாட்டி எதுக்குத் தெனமும் வெள்ளையவே மொதல்ல கட்டுறேன்? நேத்துப் பறிச்சியே ஒரு காம்பு, குட்டையா! நீ தடவிக்கிட்டே இருக்க, எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு."

"பெரியப்பா மாத்திக் கட்டிட்டா?"

"மாத்த மாட்டாரு, அவரும் இதுல கூட்டுத்தான். அந்தக் கம்பம் என்ன வெலை, எங்க கிடைக்கும்னு நேத்தே வரப்புல வச்சுக் காதுக்குள்ள கேட்டுட்டாரு. அவருக்கும் ஒண்ணு வேணுமாம். டீக்கடையில அம்புட்டுப் பேசிட்டு அவரா போயி வாங்க முடியுமா? கருப்பரு கம்பம் இருக்கட்டும்னு சொல்லிட்டா, சாமி உத்தரவுன்னு வாங்கிருவாருல்ல. அதான் ஊரைக் கூட்டுறோம். செவப்பை எடு, போதும்."

நான் மெல்ல, "கருப்பர் கோவிச்சுக்க மாட்டாராப்பா?" என்று கேட்டேன்.

அப்பா சொன்னார்: "அவரும் மீசை வச்சிருக்கவருதானே ஆத்தா. புரிஞ்சுக்குவாரு."

ஆகவே நான் இப்போது நிம்மதியாகத் தூங்கப் போகிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை வரும்போது ராக்கன் பெரியப்பாவுக்கும் ஒரு கம்பம் வாங்கி வாருங்கள். யார் கேட்டாலும் கருப்பர் கனவில் வந்து சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தத் திருமயத்து அண்ணனிடம் அதை மட்டும் சொல்லலாம்.