மன்னாப்பு டிரைவரும் வெள்ளைத் துணியும்

ரங்கூன் பட்டணத்து ஜனங்களில் பாதிப் பேரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்ட மனிதர் ஒருவர் அந்த நாளில் இருந்தார். மீதிப் பாதிப் பேர் தப்பித்ததற்குக் காரணம், எங்கள் முதலாளியின் கார் அவர்கள் தெருப் பக்கம் போகவில்லை என்பதுதான்.

அவர் அந்தக் காரின் டிரைவர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது. மன்னிப்பை அவர் தம் ஊர் வழக்கப்படி மன்னாப்பு என்பார். பொழுது விடிந்து பொழுது போவதற்குள் அதை அத்தனை தடவை சொன்னால் அதுவே பெயராகி நின்றுவிடாதா? நாங்கள் இருந்த மொகல் தெருவில் யாரைக் கேட்டாலும் அவர் மன்னாப்புதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது. நான் அப்போது அலோன் பேட்டையில், ஆற்றங்கரையை ஒட்டிய ஓர் அரிசிக் கிடங்கில் குமாஸ்தா. ரங்கூனில் கார் வாங்கும் ஆசை காய்ச்சலைப் போலப் பரவிக்கொண்டிருந்தது. எங்கள் முதலாளிக்கும் தொற்றி, சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கிவிட்டார். கார் முன்னால் போகும்; ஒரு மேகம் பின்னால் வரும். மழை வருகிறதென்று பெண்கள் ஓடிவந்து கொடியில் காயும் துணியை எடுப்பார்கள். பட்டப்பகலில் காகங்கள் கூடு திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

புகை விடுகிற கார்கள் வேறும் இருந்தன. ஆனால் புகைக்காக வெட்கப்பட்ட டிரைவர் இவர் ஒருவர்தான். யார் மேலாவது புகை அடித்தது என்று தெரிந்தால் போதும், நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிடுவார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தம் புகைக்குள் தாமே புகுந்து, இருமிக்கொண்டிருப்பவர்களைத் தேடிப் பிடித்து ஒவ்வொருவராகக் கை கூப்பி வருவார். தமிழர் என்றால் "மன்னாப்பு". பர்மாக்காரர் என்றால் அவர்கள் பாஷையில் "கடோ, கடோ". புத்த பிக்கு யாராவது அகப்பட்டுவிட்டால் ரோட்டிலேயே மண்டியிட்டு விழுந்து எழுந்திருப்பார். பின்னால் டிராம் வண்டி மணியை அடித்து ஓய்ந்துபோகும்.

அதுவரை முதலாளி பின் சீட்டிலும் நான் முன் சீட்டிலும் ஊருக்கே காட்சியாக உட்கார்ந்திருப்போம். முதலாளி கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்வார். ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. தெரிந்த முகம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று காருக்குள்ளேயே குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். விரித்த குடையைப் பார்க்கத் தனியாக ஒரு கூட்டம் சேரும்.

தெருமுனையில் டோ சேன் என்ற பர்மியக் கிழவி மொஹிங்கா விற்றாள். மீன் குழம்பை ஊற்றித் தரும் சேமியாச் சாப்பாடுதான் மொஹிங்கா. அவள் வாயில் முழங்கை நீளச் சுருட்டு எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். அவளிடம் போய்த்தான் எங்கள் ஆள் தினமும் புகைக்கு மன்னிப்புக் கேட்பார். அவள் நிதானமாக ஓர் இழுப்பு இழுத்து அவர் முகத்தில் ஊதுவாள். கண்ணை மூடி அதைப் பிரசாதம்போல் வாங்கிக்கொண்டு வண்டிக்குத் திரும்புவார்.

"நாம குடுத்ததத் திருப்பிக் குடுத்துட்டாங்க தம்பி. நல்ல மனுசி" என்பார் என்னிடம்.

இத்தனை புகைக்கும் காரணம் முதலாளிதான். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது அவர் வழக்கம். உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் வேண்டும் என்றால், அதைவிடச் சூடாகிற எஞ்சினுக்கு வேண்டாமா என்பது அவர் கட்சி. ஆகவே சனிக்கிழமை தோறும் காருக்கும் எண்ணெய் ஸ்நானம் உண்டு. எஞ்சினில் போதிய எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தம் கண்ணெதிரே வழிய வழிய ஊற்றச் சொல்வார். மிஞ்சிய எண்ணெய்தான் புகையாகிறது என்று மன்னாப்புக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்லலாமே என்று ஒருநாள் கேட்டேன். முதலாளி முகத்துக்கு நேரே அவர் தப்பை எப்படிச் சொல்வது, அதைவிட ஊரிடம் மன்னாப்புக் கேட்டுவிடலாம் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் குளித்த எண்ணெயோடு, ஏரிக்கரையில் வெள்ளை கவுன் போட்டு நடந்த ஒரு துரைசானியைக் கடந்தது. புகை விலகியபோது கவுனும் வெள்ளையாக இல்லை, துரைசானியும் வெள்ளையாக இல்லை. மன்னாப்பு ஓடிப்போய்த் தம் துண்டாலேயே துடைத்துவிடப் பார்த்தார். அந்த அம்மாள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு சில வாரத்தில், கார் வைத்திருந்த துரைமார்கள் சேர்ந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். குறைவாகப் புகை விடும் காருக்குப் பரிசு. மிங்கலாடோன் பக்கத்துத் திடலில் போட்டி. வீடு தேடி வந்து எங்கள் முதலாளியையும் கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. மன்னாப்பை அழைத்து நிறுத்தினார்.

"நாலு பேர் பாக்கிற எடம். அங்கயும் இது பொகைஞ்சா வண்டிய வித்துடுவேன். நீ அடுத்த கப்பல்ல ஊருக்குப் போயிடு."

கிடங்குக்குப் பின்னால் ஒரே அறையில் மனைவி, நான்கு பிள்ளைகளோடு இருந்தவர் அவர். அவர் கிராமத்தில் கார் கிடையாது, கார் போக ரோடும் கிடையாது. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல், கப்பல் டிக்கெட் எடுக்கும் சிரமத்துக்காக முதலாளியிடம் அப்போதே மன்னாப்புக் கேட்டுக்கொண்டார்.

போட்டி அறிவிப்பை நான் தமிழில் சொன்னேன். புகைக்கு முதல் காரணம் அளவுக்கு மீறிய எண்ணெய் என்று அதில் கண்டிருந்தது. முதலாளி கைவிசிறி நின்றுவிட்டது. இந்தச் சனிக்கிழமை வண்டிக்கு ஸ்நானம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மன்னாப்பு மிஞ்சின எண்ணெயை வடித்தார். புகைக்குழாயைக் கழற்றிக் குச்சி விட்டுக் குடைந்து கழுவி மாட்டினார். மறுநாள் கார் மொகல் தெருவில் புகையில்லாமல் போனபோது ஜனங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. டோ சேன் காரின் பின்னாலேயே நடந்துவந்து குழாயை மோந்து பார்த்தாள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை 'இந்தச் சனியன்' என்று சொல்லிவந்தவர் 'நம்ம வண்டி' என்று சொல்ல ஆரம்பித்தார்.

போட்டியன்று கார்கள் வரிசையாக நின்றன. நீதிபதியாக வந்த துரை ஒவ்வொரு காரின் புகைக்குழாய் வாயிலும் வெள்ளைத் துணியைப் போர்த்திப் பிடிக்கச் செய்து, எஞ்சினை உறுமவிடச் சொன்னார். துணியில் கறுப்புப் பட்டால் அந்தக் கார் ஆட்டத்தில் இல்லை. எங்கள் முறை வந்தது. மன்னாப்பு உறுமவிட்டார். துணியை எடுத்து விரித்தால் கொக்குபோல் வெள்ளை. ஒரு மூலையில் மட்டும் வட்டமாக, கட்டைவிரல் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு.

அழகாக உடுத்திய பிள்ளையை நாலு பேர் நடுவில் அனுப்பும்போது கண் படாமல் இருக்கக் கன்னத்தில் மை வைப்பது நம் வழக்கம். இந்தத் திடலில் எல்லார் கண்ணும் எங்கே விழும்? புகைக்குழாயில்தான். ஆகவே பாசமுள்ள யாரோ குழாயின் உதட்டில் திருஷ்டிப் பொட்டு வைத்திருந்தார்கள். விளக்கெண்ணெயில் குழைத்த மை எஞ்சின் சூட்டில் இளகித் துணியில் பதிந்துவிட்டது.

மன்னாப்பு குழாயைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதலாளியின் வலது சுட்டுவிரல் கறுத்திருந்தது. அவர் அவசரமாக அதைப் பட்டு அங்கவஸ்திரத்துக்குள் ஒளித்தார். ஒளித்த இடமெல்லாம் கறுப்பாயிற்று.

இது என்ன என்று துரை கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நான். இங்கிலீஷ் படித்ததற்காக அன்று பட்ட வெட்கம் வேறு எதற்கும் பட்டதில்லை. அதற்குள் மன்னாப்பு முன்னால் வந்துவிட்டார்.

"நாந்தான் வச்சேன்னு சொல்லுங்க தம்பி. மன்னாப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். காரின் அழகுக்குக் கண் படாமலிருக்க வைத்த பொட்டு என்று விளக்கியதும் திடலே சிரித்தது. கவுன் கறுத்த துரைசானிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். விதி விதிதான் என்று துரை எங்களை விலக்கிவிட்டார். நான் குடையைத் தேடினேன். வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன்.

திரும்பும் வழியெல்லாம் கார் துளிப் புகை விடவில்லை. அவமானம் மட்டும் மூன்று பேருக்கும் சமமாக இருந்தது. டோ சேன் கடையருகே மன்னாப்பு பழக்கதோஷத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார். மன்னிப்புக் கேட்க ஒன்றும் இல்லாமல் கை கூப்பியபடி நின்றார். அப்போது பின்கதவு திறந்தது. முதலாளி இறங்கி வந்து, தெரு முழுக்கப் பார்க்க, கறுத்த விரலை அவர் முன் நீட்டினார்.

"மன்னாப்புப்பா" என்றார்.

ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டவருக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டென்று குனிந்து காருக்கு அடியில் புகுந்துகொண்டார். இரண்டு பாதங்கள்தான் வெளியே தெரிந்தன. முதலாளி பட்டு வேட்டியோடு ரோட்டில் குந்தி அந்தப் பாதங்களிடம் பேசினார்.

"கப்பலும் வேணாம், ஒண்ணும் வேணாம். வெளிய வாப்பா."

"நீங்க ஏறி உக்காருங்க மொதலாளி. எனக்கு வெக்கமா இருக்கு" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டோ சேன் குனிந்து காருக்கு அடியில் ஒரு வாய் சுருட்டுப் புகையை ஊதினாள். அதற்குப் பிறகுதான் இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. புகை என்றார்.

இப்போது நான் கிழவன். பஸ் ஒன்று முகத்தில் புகையை அடித்துவிட்டுப் போனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். யாரும் இறங்கி வருவதில்லை. புகையைப் பொறுத்துக்கொள்ளலாம், கை கூப்பிக்கொண்டு இறங்கி வர அவர் இல்லையே என்பதுதான் நெஞ்சை அடைக்கிறது.