சம்பந்தி கேட்ட செட்டு

பஸ் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. அதற்குள் பொன்னுத்தாய் கேட்டுவிட்டாள்.

"சம்பந்தி போகயில என்னமோ கேட்டாகளே, என்னது?"

"செட்டு" என்றார் சங்கையா.

"என்ன செட்டு?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை.

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சண்முகவேல், தன் மகனுக்குச் சங்கையாவின் மகள் முத்துமாரியம்மாளைப் பேசி முடிக்கப் பரளச்சிக்கு வந்திருந்தார். நகை நட்டு எதுவும் வேண்டாம், பிள்ளையை அனுப்பினால் போதும் என்று தங்கமாகப் பேசினார். சாப்பிட்டார், கை கழுவினார், பஸ்ஸுக்கு ஓடினார். வண்டி நகர்ந்த பிறகுதான் ஜன்னலில் தலையை நீட்டி, "வேற ஒண்ணும் வேணாம் சம்பந்தி, அந்தச் செட்டை மட்டும் குடுத்து விட்டுருங்க" என்று கத்தினார். சங்கையாவும் பெரிய மனுஷனாக, "அதுக்கென்ன, ஜமாய்ச்சிருவோம்" என்று கையை ஆட்டிவிட்டார்.

"என்ன செட்டுன்னு கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா, செட்டுன்னா என்னன்னு தெரியாத பட்டிக்காட்டான்னு நெனைக்க மாட்டாகளா?"

பொன்னுத்தாயின் தம்பி பால்ச்சாமியிடம் போனார். பால்ச்சாமி தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து யோசித்தார்.

"நாடகத்துக்குப் போடுறதும் செட்டு, சீட்டாடக் கூடுறதும் செட்டு. பாடுற ரேடியோவும் செட்டு. வெள்ளைக்காரன் போகயில எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சுட்டுப் போயிட்டான் மச்சான். கல்யாணம்னா மைக் செட்டாத்தான் இருக்கும்."

சரிதான் என்று பட்டது. சங்கையா அருப்புக்கோட்டைக்குப் போய், மைக் செட் செல்லப்பாண்டியிடம் சொல்லிவைத்தார். கண்டக்டர் இன்பராஜ் மூலம், செட்டு தயார் என்று பாளையம்பட்டிக்கும் தகவல் அனுப்பினார்.

மறுநாள் பஸ் வந்ததும் இன்பராஜ் படியில் தொங்கியபடியே பதில் சொன்னார். "அவுக வெளிய வரல. அவுக தங்கச்சி வெள்ளைத்தாய்தான் சொல்லுச்சு. செட்டு விஷயம் சத்தமில்லாம இருக்கணுமாம். ஊருக்குத் தெரியக்கூடாதாம்."

சத்தமில்லாத மைக் செட்டை எங்கே போய்த் தேடுவது? சங்கையா ஓடிப்போய் வேண்டாம் என்றார். செல்லப்பாண்டி கேட்கவில்லை. "சொன்னா சொன்னதுதான். குழாயைக் கட்டாம விடமாட்டேன்."

"டீ செட்டாத்தான் இருக்கும்" என்றாள் பொன்னுத்தாய். "டவுனுக்காரக. கப்பு, சாசர் இல்லாமக் குடிக்க மாட்டாக."

பூப்போட்ட டீ செட் ஒன்று வாங்கி வைக்கோலில் சுற்றி வைத்தார்கள். ஆனாலும் சந்தேகம் போகவில்லை. எத்தனை பேருக்குச் செட்டு வேண்டும் என்று நைசாகக் கேட்டு வரும்படி இன்பராஜை மறுபடி அனுப்பினார் சங்கையா.

"அவுக ஒருத்தருக்குத்தானாம்" என்றார் இன்பராஜ். "என்ன செட்டுன்னும் கேட்டுட்டேன். பஸ்ஸுக்குள்ள அம்புட்டு சனமும் எட்டிப் பாத்துச்சு. அந்தப் பொம்பளைக்கு மூஞ்சி செவந்து போச்சு. 'மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் செட்டு. அவுகளுக்குத் தெரியும், போங்க'ன்னுட்டு உள்ள போயிருச்சு."

சங்கையாவுக்குத் தலை சுற்றியது. மேலே மோட்டார், கீழே பம்பு. சம்பந்தி கேட்டது பம்பு செட்டு.

கரண்டு கம்பி வந்த புதிது. அந்தப் பக்கத்திலேயே பம்பு செட் வைத்திருந்தவர் பால்ச்சாமி மட்டும்தான். மிளகாய்ச் செடி பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம்.

"மாட்டைக் கேளுங்க, வண்டியக் கேளுங்க. மோட்டாரைக் கழட்டச் சொன்னா எப்படி?" என்றார் பால்ச்சாமி.

"ஒன் அக்கா மக கழுத்துல தாலி ஏறணுமா வேணாமா?"

பால்ச்சாமி மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

கல்யாணத்தன்று பந்தலில் மணவறைக்குப் பக்கத்தில், சந்தனம் பூசி மாலை போட்டு, மாப்பிள்ளையைவிட எடுப்பாக உட்கார்ந்திருந்தது பம்பு செட்.

சண்முகவேல் வாயைத் துண்டால் பொத்தியபடி வந்திறங்கினார். யாரிடமும் பேசவில்லை. நேராகக் கொல்லைப்புறம் போனார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்டுக் கொட்டத்தில் குனிந்து பார்த்தார்.

சங்கையா பின்னாலேயே ஓடினார். "செட்டைத்தான தேடுறீக சம்பந்தி? பந்தல்ல இருக்கு, வாங்க."

சண்முகவேலின் முகம் அப்படி மலர்ந்ததைச் சங்கையா பார்த்ததே இல்லை. சங்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி வந்தார். மோட்டாரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

சங்கையா டீ செட்டை எடுத்து நீட்டினார். சண்முகவேல் இது இல்லை என்று தலையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்துச் செல்லப்பாண்டியின் குழாய் அலறியது. "மாப்பிள்ளையின் தகப்பனார் ஆசைப்பட்டுக் கேட்ட செட்டு, பந்தலில் அனைவரின் பார்வைக்கும் வைக்கப்பட்டுள்ளது."

ஊரே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது. சண்முகவேல் துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று பந்தலை விட்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகும் கெட்டிமேளம் கொட்டியது, தாலி ஏறியது. சங்கையாவின் காதில்தான் எதுவும் விழவில்லை. தாலி கட்டும்போதும் சம்பந்தி தெருவில் நின்றுகொண்டு எட்டித்தான் பார்த்தார். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார். மகள் போகிற வீட்டில் முதல் நாளே இப்படி ஒரு மனஸ்தாபமா? பொன்னுத்தாய் அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

தாங்க முடியாமல் சங்கையா வெள்ளைத்தாயைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாயி, மைக் செட்டு, டீ செட்டு, பம்பு செட்டு, எல்லாம் வச்சுட்டேன். இன்னும் என்ன கொறை? அண்ணன் எதைக் கேட்டாலும் வீட்டை வித்தாவது கொண்டாந்து நிறுத்துறேன்."

வெள்ளைத்தாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வீட்டை எதுக்குண்ணே விக்கிறீக? பேச வந்த அன்னைக்கு வாய் கொப்புளிக்கயில கழட்டித் தொட்டி மேல வச்சுட்டு வந்த பல்லு செட்டைத்தான் எங்க அண்ணன் கேட்டாக."