சுவரின் கன்னத்துக்குத் தனக்கா

எனக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலையையும் நாலு நிமிட வீடியோவில் பார்த்துவிட்டால், பிறந்ததிலிருந்தே அதைத்தான் செய்துவருகிறேன் என்று தோன்றிவிடும். (இப்படித்தான் ஒருமுறை தம்பிக்கு முடி வெட்டினேன். இரண்டு வாரம் தொப்பியோடு திரிந்தான், பாவம்.)

தாகேதா பேட்டையில் எங்கள் வாடகை வீட்டில் ஹாலையும் படுக்கையறையையும் பிரிப்பது ஜிப்சம் பலகைச் சுவர். பார்த்தால் சுவர், இடித்தால் பிஸ்கட். அன்று மதியம் ஹாலில் நின்று, பர்மியக் கால்விளையாட்டான சின்லோனின் பிரம்புப் பந்தைக் குதிகாலால் பின்பக்கமாக உதைக்கப் பழகிக்கொண்டிருந்தேன். பந்து தப்பித்துக்கொண்டது. குதிகால் சுவருக்குள் போய்விட்டது.

நாலு மணிக்கு வீட்டுக்காரம்மா டோ மியா வருவதாக இருந்தது. வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாராம். அம்மாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள் அத்தனை பேரும் எங்கள் தெருக்காரர்கள். வீடு போனால் அம்மாவின் பிழைப்பும் போச்சு.

அம்மா ஓட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காலண்டர மாட்டி மறைச்சிரலாமா?"

"முழங்கால் உயரத்துலயா? தேதிய யாரு பாக்குறது, பூனையா?" என்றான் தம்பி.

"நானே அடைக்கிறேன்" என்றேன். இருவர் முகத்திலும் ரத்தம் வற்றியது.

தம்பி ஓடிப்போய் பட்டி மாவும் வலை டேப்பும் உடைந்த ஜிப்சம் துண்டு ஒன்றும் வாங்கி வந்தான். நான் பட்டியைக் குழைத்து ஓட்டைக்குள் அப்பினேன். 'பொத்' என்று சுவருக்குள் விழுந்தது. (இன்றும் அங்கேதான் கிடக்கிறது.) வீடியோவை மறுபடி பார்த்ததில்தான் தெரிந்தது, ஓட்டையை முதலில் சதுரமாக வெட்ட வேண்டும். ரொட்டிக் கத்தியை எடுத்து ஆவேசமாக அறுத்தேன்.

"அக்கா, கத்தி மொனை பெட்ரூம்ல தெரியுது."

இப்போது ஓட்டை இரண்டு.

உள்ளே தாங்குகட்டை வேண்டுமே. அம்மாவின் தையல் ஸ்கேலை, அவர் வாய் திறப்பதற்குள் இரண்டாக ஒடித்து உள்ளே வைத்துத் திருகாணி முடுக்கினேன். மேலே ஜிப்சம் துண்டு, டேப், பட்டி. கத்தி முனை வந்த இடத்திலும் ஒரு பொட்டு. ஃபேனைத் திருப்பி வைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தேன். கல் மாதிரி நின்றது. ஒரே குறை, மஞ்சள் சுவரில் ஒட்டு மட்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. மணி மூன்றே முக்கால்.

அப்போதுதான் அம்மா முகத்தில் பூச அரைத்து வைத்திருந்த தனக்கா மரப்பட்டைச் சாந்து கண்ணில் பட்டது. அதே மஞ்சள்! அள்ளிப் பூசினேன்.

"என் மூஞ்சிக்குக்கூட இவ்ளோ பூசுனதில்லடி" என்றார் அம்மா.

டோ மியா வந்தார். தனக்கா வாசனையை மோப்பம் பிடித்தபடியே சுவரருகில் போய்க் குனிந்தார். ஃபேன் காற்றில் தனக்கா காய்ந்து, வெயிலில் நடந்த கன்னம் போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. தொட்டுப் பார்த்தார். தனக்கா பூசிய தம் கன்னத்தையும் தொட்டுப் பார்த்தார்.

"என்ன தமீ (மகளே), சுவரும் கடைத்தெருவுக்குக் கிளம்புதா?"

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சின்லோனை நடித்துக் காட்ட வேண்டியிருந்தது, தள்ளி நின்று. அவர் ஒட்டை விரல் முட்டியால் தட்டினார். முழங்காலால் முட்டினார். அசையவில்லை. பக்கத்துச் சுவரைத் தட்டினார், அது அதிர்ந்தது.

"கட்டினவன் இவ்வளவு உறுதியா கட்டல. இதைக் கழுவிட்டு ஒழுங்கா பெயின்ட் அடி. வீடு உங்களுக்குத்தான்" என்றவர், வாசலில் நின்று திரும்பினார். "ஞாயித்துக்கிழமை என் வீட்டுக்கு வா. மூணு ஓட்டை இருக்கு."

அம்மா அவர் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார், நிம்மதியில்.

மூன்றையும் அடைத்தேன். பிறகு அவர் தங்கை வீட்டில் இரண்டு. நான் படித்தது கணக்கியல். ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா என்னை அறிமுகப்படுத்துவது ஒரே மாதிரிதான்: "இவதான் என் பெரிய பொண்ணு. சுவத்துக்கெல்லாம் பியூட்டி பார்லர் வெச்சிருக்கா."