ஒரு சின்ன விளக்குதான்

"என்னங்க, அங்க ஒரு விளக்கு எரியுது" என்றாள் மனைவி.

"அழகுக்கு வச்சிருப்பான்" என்றார் பல் டாக்டர்.

வண்டி வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். பதினாறு வருஷப் பழசு. இவர் நான்காவது சொந்தக்காரர். பன்னிரண்டு வயதில் அவர் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கணக்கு நோட்டில் ஒட்டி, அதற்காக வாத்தியாரிடம் அடியும் வாங்கிய படத்தில் இருந்த அதே கார், அதே சிவப்பு. கிளினிக்குக்கு இரண்டாவது நாற்காலி வாங்க மனைவி சேர்த்துவைத்திருந்த பணம் முழுவதும் அதில் போயிருந்தது. "இதுலயும் ரெண்டு நாற்காலி இருக்கே" என்று அவர் சொன்ன சமாதானத்துக்கு அவள் மூன்று நாள் பேசவில்லை.

அழகு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. கார் இரண்டு தடவை இருமிவிட்டுக் காய்கறிக் கடை வாசலில் நின்றது. தரையோடு தரையாக இருந்த அந்த வண்டியிலிருந்து மனைவி தவழ்ந்துதான் இறங்கினாள்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதி நம்ம கல்யாண நாள். அன்னிக்கு இதுலயே என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், இதுலயே திரும்பக் கூட்டிட்டு வரணும். இல்லன்னா பதினொண்ணாம் தேதி இதை வித்துடணும். சரியா?"

"சரி" என்றார். சொன்னால் சொன்னபடி செய்கிறவள் என்பது இருபது வருஷ அனுபவம்.

இந்த மாதிரி வண்டிக்கு ஊரில் ஒரே ஒரு பட்டறைதான் இருந்தது. கிளம்புவதற்கு முன் டாக்டர் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளஸ் குறி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். டாக்டர் என்று தெரிந்தால் பில்லில் ஒரு சைபர் கூடிவிடும்.

மெக்கானிக் கண் மட்டும் தெரியும்படி முகமூடி போட்டிருந்தார். பகல் முழுக்கத் தானும் அப்படியே இருப்பதால் டாக்டருக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. முகம் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. அவருக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது, பல்தான் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். அந்த ஆள் சிரித்த பிறகுதான், "அட, மேல்வரிசைக் கடைவாய்!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். குரலை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அவரிடம் வருகிறவர்கள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு "ஆ" என்பதோடு சரி.

"சாருக்கு என்ன வேலை?" என்று கேட்டார் மெக்கானிக்.

"வாத்தியார்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் டாக்டர். "கணக்கு வாத்தியார்."

மெக்கானிக் காரைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார்.

"பெரிசா ஒண்ணுமில்ல. ஒரு சின்ன விளக்கு எரியுது, அவ்வளவுதான்."

மெக்கானிக் குச்சி முனையில் இருந்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். "ச்சு" என்றார்.

"இதுக்கு முன்னாடி இதுல கை வச்சது யாரு சார்?"

"தெரியலையே."

"சரி விடுங்க. என்னமோ பண்ணி வச்சிருக்காங்க. நீங்களும் சத்தம் வர்ற வரைக்கும் விட்டுட்டு வந்திருக்கீங்க."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கெட்டுப்போனது கட்டைவிரல் அளவு சென்சார். ஆனால் அது இருந்தது எஞ்சினுக்குப் பின்னால். அதைத் தொடவேண்டுமென்றால் எஞ்சினையே வெளியே எடுக்கவேண்டும்.

"கட்டைவிரல் சாமானுக்கு முழு எஞ்சினையுமா?"

"மேலோட்டமா பார்த்தா பிரயோஜனம் இல்ல சார். பிரச்சினை வேர்ல இருக்கு."

ஒரு வாரம் கழித்துப் போனபோது எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

"இங்க கறுப்பா ஒண்ணு தெரியுதா?"

டாக்டருக்குப் படம் முழுவதுமே கறுப்பாகத்தான் தெரிந்தது. "தெரியுது" என்றார்.

"கிளட்ச். இன்னும் கொஞ்ச நாள் ஓடும். ஆனா இப்படியே விட்டா பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடும். அப்புறம் உங்க இஷ்டம்."

அந்த 'உங்க இஷ்டம்' காதில் விழுந்ததுமே டாக்டர், "மாத்திடுங்க" என்றார்.

"கணக்கு வாத்தியார்தானே, பில்லை நீங்களே கூட்டிக்குங்க."

டாக்டர் மூன்று தடவை கூட்டினார். மூன்று விடை வந்தது. எதுவும் சகிக்கவில்லை.

"பக்கத்துல இருக்கறதையும் கெடுத்துடுமாம்" என்று கிளினிக்கில் மனைவியிடம் முனகினார். வரவேற்பு மேசை அவளுடையது.

"இதை எங்கயோ கேட்டிருக்கேனே" என்று அவள் யோசித்தாள். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்ததால் யோசனை பாதியில் நின்றது.

கிளட்சைக் கழற்றியதில் பம்ப் ஒழுகுவது தெரிந்தது. புதிய பம்ப் கப்பலில் வரவேண்டும். "அதுவரைக்கும் தற்காலிகமா அடைச்சு வைக்கறேன்" என்றார் மெக்கானிக். தற்காலிகத்துக்குத் தனி பில். டாக்டர் ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்கைத் திறந்தார். அந்த மாதம் வந்தவர்களின் வாயில் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே கோளாறுகள் தென்பட்டன.

பத்தாம் தேதி காலை சாவி கைக்கு வந்தது. விளக்கு எரியவில்லை.

"ரெண்டு நாளைக்கு இடது பக்கம் வேகமா திருப்பாதீங்க" என்றார் மெக்கானிக். "ரொம்பச் சூடும் ஆகாது, ரொம்பக் குளிரும் ஆகாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டிடுங்க."

மனைவி புதுப்புடவையில் தவழ்ந்து ஏறினாள். கடற்கரை இடது பக்கம் இருந்தது. டாக்டர் வலது, வலது, வலது என்று மூன்று தெரு சுற்றி அந்தச் சாலையைப் பிடித்தார். முகத்தில் காற்று அடித்தது. பன்னிரண்டு வயது திரும்பிவிட்டதுபோல் இருந்தது.

"என்னங்க, அங்க ஒரு விளக்கு எரியுது."

"அதேவா?"

"இல்ல, அதுக்குப் பக்கத்துல."

நடைவேகத்தில் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். டாக்டர் காரிலிருந்து உருண்டு இறங்கி எழுந்தார்.

"மனசாட்சியே கிடையாதா உங்களுக்கு? எஞ்சினை எடுத்தீங்க, கிளட்சை மாத்தினீங்க, பம்பை அடைச்சீங்க. நாளைக்கு இந்த வண்டியை நான் வித்தாகணும். சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வண்டிங்க இது! ஒரு சின்ன விளக்கு எரியுதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்!"

மெக்கானிக் கையைத் துடைத்தார். முகமூடியைக் கழற்றினார். பக்கத்தில் கிடந்த பழைய கார் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, வாயை அகலமாகத் திறந்தார்.

பழக்கதோஷத்தில் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டார். கீழ்வரிசை, இடது பக்கம். ஒன்றில் வேர் சிகிச்சை. அதன்மேல் ஒரு கேப். பக்கத்துப் பல்லைப் பிடுங்கிய இடத்தில் ஒரு பிரிட்ஜ். எல்லாம் கச்சிதமான வேலை. அவருடைய வேலை.

மெக்கானிக் வாயை மூடினார்.

"ஒரு பல்லு கூசுதுன்னுதான் டாக்டர் நானும் உங்ககிட்ட வந்தேன்."