டாக்டர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார்

என் உடன்பிறந்த தம்பிக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம், என்னைத் தவிர. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன. என் கையெழுத்தைக் கண்டு மயக்கம் வந்திருந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு மேலே படி. நமக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் செய்தி அப்படிப்பட்டது. நான் அதிக நாள் இருக்க மாட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்பாய். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கொஞ்ச காலமாக எழுந்து நின்றாலே தலை கிறுகிறுவென்று சுற்றுகிறது. "சுவத்தப் புடிச்சுக்கிட்டே எத்தன நாள் நடப்பீங்க, போய்க் காட்டிட்டு வாங்க" என்று உன் அண்ணி விரட்டியதால் தெருமுனை அரசு சுகாதார நிலையத்துக்குப் போனேன். அது எனக்குப் பழகின இடம். வாசலில் ஒரு அதட்டல், சீட்டு எழுதுகிற இடத்தில் ஒரு அதட்டல், பிரஷர் பார்க்கிற நர்ஸம்மாவிடம் ஒரு அதட்டல் வாங்கிக்கொண்டு உள்ளே போனால், நாம் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுதி முடித்து "அடுத்த ஆள்" என்பார். அன்றைக்குப் போனால் காவலாளி எழுந்து நின்று "வாங்கய்யா" என்கிறான். பின்னால் யாரோ பெரிய மனுஷர் வருகிறார் போல என்று திரும்பிப் பார்த்தேன், ஒரு நாய்தான் வந்துகொண்டிருந்தது. சீட்டு எழுதுகிறவர் "வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க" என்கிறார். நர்ஸம்மாவோ என் கையில் பட்டையைச் சுற்றிவிட்டு, "கொஞ்சம் இறுக்கும், பொறுத்துக்குவீங்களா?" என்று என்னிடம் அனுமதி கேட்கிறாள்! ஆயுசு முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் எடுக்காதவன்தான் கண்டக்டரைப் பார்த்துச் சிரிப்பான். இவர்கள் எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்து, நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க, நிதானமாச் சொல்லுங்க" என்றார். அந்த அறையில் நோயாளிக்கு நாற்காலி இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சொன்னேன். குறுக்கே பேசவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல எனக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. "வேற என்ன பண்ணுது?" என்றார். வேறு ஒன்றும் பண்ணவில்லை என்றாலும், கேட்கிற மனுஷரை ஏமாற்றக் கூடாதே என்று முழங்கால் வலி, கொட்டாவி, நம் மாப்பிள்ளையின் போக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "மாத்திரை கொண்டு வந்திருக்கீங்களா?" பையைக் கவிழ்த்தேன். சிவப்பு அட்டை ஒன்று, நீல அட்டை ஒன்று. இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயா, இந்தச் சிவப்பு அட்டைய இனிமே தொடாதீங்க" என்று தோளில் கை வைத்தார். தோளில், தம்பி! மாத்திரையை எப்போது நிறுத்துவார்கள்? இனிக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை என்றால்தானே?

தடுமாறி வெளியே வந்தால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் வழிமறித்தாள்.

"ஐயா, நோயாளிங்க அனுபவம் எப்படி இருக்குன்னு அளக்குறோம். ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க் போடுங்க. டாக்டர் நீங்க சொன்னதக் காது குடுத்துக் கேட்டாரா?"

"கேட்டாரும்மா. அப்பவே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

"மரியாதையா நடத்துனாங்களா?"

"செத்தவனுக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது."

"அப்ப அஞ்சு போட்டுக்கவா?"

"ஒண்ணு போடும்மா. இப்படி நான் பயந்ததே இல்ல."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உங்க சொந்தக்காரங்கள இங்க வரச் சொல்லுவீங்களா?" என்றாள். "என் தம்பிய மட்டும் வரச் சொல்லுவேன்" என்றேன். பாவம், அதைப் பாசம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டாள்.

உன் அண்ணியிடம் வந்து சொன்னால், "சிரிச்சாச் செத்துடுவீங்களா? அப்ப நம்ம வீட்டுல நீங்க நூறு வயசு இருப்பீங்க" என்கிறாள். இவளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? தனியாக உட்கார்ந்து யோசித்தேன். என் மகள் கல்யாணத்தில் மேடையில் நான் வழுக்கி விழுந்தபோது மண்டபமே பதறியது. நீ ஒருவன் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதற்காக இத்தனை வருஷம் உன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போகிற இடத்துக்கு இதையும் எதற்குச் சுமப்பது? மன்னித்துவிட்டேன், போ. நீ சிரித்தது சிரித்ததாகவே இருக்கட்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. டாக்டர்கள் சிரிக்கத் தேவையில்லாத திடமான உடம்போடு பிள்ளைகள் நெடுநாள் வாழ என் ஆசி.

இப்படிக்கு,
எழுதும்போது உயிரோடிருந்த
உன் அண்ணன்

பின்குறிப்பு: தலைசுற்றலில் தபால்பெட்டி வரை போக முடியாமல் இந்தக் கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்தது. அதற்குள் சுற்றல் நின்றுவிட்டது. இன்று மறுபடியும் போனேன். அளக்கிற பெண்ணைக் காணோம். காவலாளி எழுந்திருக்கவில்லை. நர்ஸம்மா, "கைய நீட்டுங்கன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்தினாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ரெண்டு அட்டையும் ஒரே பிரஷர் மாத்திரைதான் பெரியவரே. கம்பெனி மாறினா கலர் மாறும். ரெண்டையும் சேத்து முழுங்கினாத் தல சுத்தாம என்ன செய்யும்? அன்னைக்கு உங்கள உட்கார வச்சுக் கேக்கலன்னா, ஒருநாள் விழுந்தவர் எழுந்திருக்காமயே போயிருப்பீங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரோ அளக்க வந்தார்கள் என்பதற்காக அவர் கேட்ட கேள்வியில் அல்லவா நான் பிழைத்திருக்கிறேன்! ஒன்றை அஞ்சாக மாற்றச் சொல்லி ஆபீஸ் அறையில் கெஞ்சினேன். "அதெல்லாம் மேலிடத்துக்குப் போயிடுச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே, தம்பி, மேலே எழுதியது எதையும் நம்பாதே. மன்னிப்பும் சாகப்போகிறவன் கொடுத்தது, அது செல்லாது. வேண்டுமென்றால் நேரில் வந்து வாங்கிக்கொள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.